சாரசீனியா தண்டுவழிப் பெருக்கம்

சாரசீனியா என்பது வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வளரும் ஊனுண்ணிக் குடுவைத் தாவரப் பேரினம் ஆகும். இதன் தண்டு, இஞ்சியைப் போல மண்ணில் கிடையாக வளரும் மட்டநிலத்தண்டு ஆகும். விதையிலிருந்து வளரும் செடி முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும். எனவே தண்டைத் துண்டாக்கிப் பெருக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

செய்முறை

குளிர்கால ஓய்வு முடிந்து, புதிய குடுவைகள் தோன்றும் முன்னர் செடி தோண்டி எடுக்கப்படுகிறது. தூய்மையான கத்தியால் தண்டு வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வளர்முனையும் சில வேர்களும் இருத்தல் நன்று. வளர்முனையற்ற துண்டுகளும் உறங்கு மொட்டுகளிலிருந்து துளிர்க்கக்கூடும்; ஆயினும் அவை அழுகும் வாய்ப்பு மிகுதி.

துண்டுகள் உரமற்ற பீட், மணல் கலவையில் நடப்படுகின்றன. இத்தாவரங்கள் சத்துக் குறைந்த மண்ணுக்குத் தகவமைந்தவை. நீரில் கரைந்துள்ள உப்புகள் வேரைப் பாதிக்கும். ஆகவே மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரே ஊற்றப்படுகிறது.

பயனும் வரம்பும்

சாரசீனியா ஓரியோபிலா இனம் 1979 இல் ஐக்கிய அமெரிக்காவின் அருகிய இனங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோட்டத்தில் பெருக்கிய செடிகள் கிடைக்கும்போது, காட்டுச் செடிகளைத் தோண்டி எடுக்கும் தேவை குறைகிறது. ஆனால் துண்டிலிருந்து வளரும் செடிகள் யாவும் மரபியலில் தாய்ச்செடியையே ஒத்தவை. ஓர் இனத்தின் மரபியல் பல்வகைமையைக் காக்க விதைவழிப் பெருக்கமும், வாழிடப் பாதுகாப்பும் இன்றியமையாதவை.