ஈடு வைத்தவர் ஒருவர், இறுத்தவர் வேறொருவர்

அரசுகள் கடன் வாங்குவதற்குத் தேவையே காரணம் என்று சொல்வது உலக வழக்கு. ஆயினும், தேர்தலில் பதவி போய்விடக்கூடும் என்று அஞ்சும் ஆட்சி, பணத்தைத் தன் விருப்பப்படி செலவிட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்கும் பாரத்தைப் பின்வருவோர் தலையில் ஏற்றவே விழையும் என்பதை ஆல்பர்ட்டோ அலெசினா, குயிடோ டாபெல்லினி என்னும் இத்தாலியப் பொருளாதார நிபுணர் இருவர் 1990-இல் வெளியான ஆராய்ச்சியில் நிறுவினர். தேர்தல் இல்லாத காலத்திலும் இவ்வாறு பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றியதற்குத் திருஷ்டாந்தம் வேண்டுவோர், தஞ்சை ராஜ்யத்தைச் சேர்ந்த திருவையாற்றுச் சீமையின் சரித்திரத்தைப் பார்த்தால் போதும்.

1773-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் துணைகொண்டு தஞ்சையைக் கைப்பற்றித் துளஜா மன்னரைச் சிறையிட்ட ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, அந்தக் கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடமே பெருங்கடன் பட்டிருந்தார். காவிரியும் குடமுருட்டியும் வெண்ணாறும் பாயும் வயல்களின் வருமானமே அக்கடனுக்கு ஈடாயிற்று. 1776-இல் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு, லண்டன் டைரக்டர்களின் உத்தரவுப்படி, துளஜாவுக்கு ராஜ்யத்தைத் திருப்பியளித்தபோது, கும்பினியின் சொற்பச் சம்பளக்காரரான பால் பென்ஃபீல்டு என்பவர், நவாபுக்குக் கொடுத்த வகையில் தஞ்சை வருமானத்தின்மீது தமக்கு 1,62,000 பவுன் பாத்தியதை உண்டென்றும், தஞ்சைக் குடிகள் விளைச்சலை ஈடுகாட்டி 72,000 பவுன் வாங்கியிருப்பதாகவும் வழக்காடினார். கவர்னரின் கவுன்சிலில் பெரும்பான்மையோர் முடிவில் அவர் பக்கம் சாய்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கவர்னரையே கைது செய்தனர். பிகட் மறு ஆண்டு காவலிலேயே மாண்டார்.

பென்ஃபீல்டோ 1780-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அங்கத்தினரானார். நவாபின் பழைய கடன்களை 1784-இல் லண்டன் அதிகாரிகள் விசாரணையின்றி ஒப்புக்கொண்டதற்கு, கடன் கொடுத்தவர்கள் பார்லிமெண்டில் கைவசம் வைத்திருந்த வாக்குகளே காரணம் என்று 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பார்லிமெண்ட் அங்கத்தினரான எட்மண்ட் பர்க் சபையில் இடித்துரைத்தார். விசாரியாமல் ஒப்புக்கொண்டது தகாது என்பது பின்னர் தெளிவாயிற்று. நவாபின் கர்நாடக ராஜ்யம் கும்பினி வசமானபின் 1805-இல் ஏற்பட்ட கமிஷன், பின்னர் முளைத்த சுமார் மூன்று கோடி பவுன் பாத்தியதைகளைப் பரிசீலித்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே மெய்யென்று ஏற்றது.

பத்திரத்தில் ஒப்பமிட்டவர் நவாப். கொடுத்தவர் கும்பினிச் சேவகர். கடனைச் செல்லுபடியாக்கியது லண்டன். இறுக்கவேண்டியதோ, இம்மூன்று இடத்திலும் குரலற்ற உழவனின் விளைச்சல். அளவுமீறிக் கடன் பெருகுவதற்கு ஆள்பவரின் ஊதாரித்தனம் மட்டும் ஹேதுவன்று. வாங்குவோரும் கொடுப்போரும் நஷ்டத்துக்குத் தப்பிவிடும் ஏற்பாடே மூலகாரணம். 2003-இல் தமிழ்நாடு இயற்றிய நிதிப்பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டியது நன்றே. ஆனால், எவ்வளவு வாங்கலாம் என்று விதிக்கும் எந்தச் சட்டமும், யார் இறுப்பது என்ற கேள்வியைக் கேட்கும் குடிகள் இல்லாதவிடத்து, ஏட்டுச் சட்டமாகவே நிற்கும்.