கூலி மட்டுமா கேட்டார்கள்?

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம்! வெள்ளையர் நடத்திய பஞ்சாலை அது. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரோடு நின்றனர்.

தோழர்களே, அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமா? வாரம் ஒரு நாள் ஓய்வு கேட்டனர், விடுமுறை கேட்டனர். எண்ணெய் போட எந்திரத்தையே நிறுத்துகிறார்களே, உள்ளம் படைத்த மனிதனுக்கு ஓய்வு வேண்டாமா என்ற கேள்வி அது! மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் பணிந்தது.

அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. கால்கடுக்க நின்ற கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது.

சட்டம் இருக்கை தரும். மரியாதையை யார் தருவது?

உப்பளத்திலோ கிட்டங்கியிலோ மேஸ்திரியாக உயர்ந்த தோழனே! உன் கீழ் உழைப்பவரை எப்படி அழைக்கிறாய்? நண்பன் 'ஏலே' என்றால் நெஞ்சு குளிரும். அதிகாரம் 'ஏலே' என்றால் நெஞ்சு புண்ணாகும். பத்துப் பேர் நடுவே விழுந்த வசை, படுத்தபின்பும் தூங்கவிடாது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும் காலையும் கனக்கும்.

முதலாளி ஏசினால் கொடி பிடிக்கிறோம். மேஸ்திரி ஏசினால் மௌனமா? அது நேர்மையா?

நாளைக் காலை பெயர் சொல்லி அழை. தவறு கண்டால் தனியே அழைத்துச் சொல். சோர்ந்து நிற்பவரிடம், "என்ன கவலை?" என்று கேள். செலவு காசல்ல, சிறிது மனம்!