ஆறு வற்றினாலும் கொல்லை வாடாது!



முக்கொம்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆடிப்பெருக்கு, கட்டுச்சோறு, பூங்கா, குழந்தைகளின் ஊஞ்சல், மதகுகளின் கீழே நுரைத்து ஓடுகிற தண்ணீர்... காவிரி இங்கேதான் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. "உங்களுக்கென்னம்மா, ஆத்தோரம் இருக்கீங்க, தண்ணிக்குப் பஞ்சமா?" என்று வெளியூர் உறவினர்கள் கேட்பார்கள். மாசி, பங்குனியில் வந்து பார்த்தால்தான் தெரியும்!

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குப் பிறகு பாசனத் தண்ணீர் வராது. வாய்க்கால் காயும், கிணறு இறங்கும், ஆற்றில் மணல் தெரியும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அத்தனை வெள்ளம் பார்த்த ஊரிலும், கோடை வந்தால் பெண்கள் குடத்தோடு நிற்பது மாறவில்லை.

இப்படிப்பட்ட ஊரில், அதுவும் மாசி மாதத்தில், நான் வீட்டுத் தோட்டம் போட்டதற்குக் காரணம் என் பெரிய மகள். பள்ளியில் ரத்தம் பரிசோதித்து, ரத்தசோகை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு கீரையும் நிறையச் சேர்க்கச் சொன்னார்கள். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! வாடிய கீரைக்கட்டை விலை கொடுத்து வாங்குவதைவிடக் கொல்லையில் போட்டால் என்ன என்று தோன்றியது.

"குடிக்கிற தண்ணிக்கே அல்லாடறோம், இதுல செடிக்கு வேற ஊத்தணுமா?" என்றார் மாமியார். அவர் கேட்டதும் நியாயம்தானே? அதனால் ஒருநாள் முழுக்க, வீட்டில் புழங்கிய தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து அளந்தேன். அரிசி களைந்தது, காய் அலசியது மட்டுமே இரண்டு குடம். பாத்திரம், துணி, குளியல் என்று எல்லாம் சேர்ந்து பத்துக் குடத்துக்கு மேல்! "இத்தனையும் சாக்கடைக்குத்தானே அத்தை போச்சு?" என்றேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கழுநீர்ப் பானையை அவரே கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்!

எங்கள் தோட்டத்துக்கு ஒரே சட்டம்தான். புதுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். புழங்கிய தண்ணீர் செடிக்கு. ஆனால் எல்லாத் தண்ணீரையும் எல்லாச் செடிக்கும் ஊற்றக் கூடாது. அரிசி, காய் கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு. சோப்பு கலந்த தண்ணீர் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழைக்கு. எதையும் மறுநாள் வரை வைக்காதீர்கள். நாற்றம் எடுக்கும், கொசு வரும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். ஆடி போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். வெயில் தாங்குகிற வெண்டை, கொத்தவரை, காராமணி, பாகல், புடலை, தண்டுக்கீரை எல்லாம் மாசியில் விதைத்தால் நன்றாக வரும். வெயில் ஏறுவதற்குள் வேர் இறங்கிவிடும். அவரையை மட்டும் ஆடிக்கு விட்டுவிடுங்கள்.

கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் முளைக்கீரையாகப் பறிக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். முருங்கைக் கொம்பு ஒன்றும், கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் கட்டாயம் வையுங்கள். இவை இரண்டும் பல வருஷத்துக்குப் பலன் தரும்.

விதைப்பதற்கு முன்பே மூடாக்குக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். எங்கள் பக்கம் வாழைத் தோப்புகள் அதிகம். காய்ந்த சருகு சும்மாவே கிடைக்கும். செடி அரையடி வளர்ந்ததும், தண்டை ஒட்டாமல், சுற்றிலும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். மூடாக்குக்கு முன் தினமும் ஊற்றியது, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் ஊற்றினாலே போதும் என்று ஆகிவிட்டது. நாளடைவில் சருகே மக்கி எருவாகும். இதே காவிரிக் கரையில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து இளங்காட்டில் 1938-ல் பிறந்த நம்மாழ்வார் ஐயா, 2013-ல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவற்றில் இந்த மூடாக்கும் ஒன்று.

பாகல், புடலைக்குப் பழைய மண்பானை போதும். அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, கழுத்துவரை மண்ணில் புதையுங்கள். சுற்றி நாலு விதை ஊன்றி, பானையில் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். தண்ணீர் வெயிலில் ஆவியாகாமல் வேருக்குப் போகும். கொடியை மேற்குப் பக்கப் பந்தலில் ஏற்றினால் கீரைப் பாத்திக்குச் சாயங்கால வெயிலிலிருந்து நிழலும் கிடைக்கும்.

பூச்சி வந்தால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெண்டை இலை மஞ்சள் வலையாக மாறினால் அந்தச் செடியை இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த வருஷ விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நோயில்லாத நல்ல செடியில் இரண்டு காயை முற்றவிட்டு, உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். ஆனால் பாக்கெட்டில் "வீரிய ஒட்டு" என்று போட்டிருந்தால் அந்தச் செடியின் விதை அதே மாதிரி வராது. நாட்டு விதையாகப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்குப் பக்கத்தில் சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து நிலையத்தில் விதை, பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

சித்திரை வெயிலிலும் எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கீரை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் சேராது. மகள் மாத்திரையை நிறுத்தவில்லை, கீரையையும் விடவில்லை. 9-ல் இருந்த ரத்த அளவு, அடுத்த பரிசோதனையில் 11-ஐத் தாண்டியிருந்தது!

கொல்லை இல்லாதவர்கள் மொட்டைமாடியில் பழைய வாளி, சாக்கு இரண்டில் தொடங்கலாம். அதற்கு முன், உங்கள் வீட்டுச் சாக்கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் போகிறது என்று அளந்து பாருங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, முக்கொம்பு, திருச்சி மாவட்டம்.