நிற்காதீங்க, நடங்க!

எங்கள் தெருமுனைப் பரோட்டா மாஸ்டருக்கு இடது உள்கணுவுக்கு மேலே நாலு வருஷப் புண். சுற்றிலும் தோல் கருத்து, பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. "ரெஸ்ட் எடுன்னாங்க சார். கல்லு முன்னாடி பத்து மணி நேரம் நிக்கிறவன் எங்க எடுக்கிறது?" என்பார். போன மாதம் கட்டு மாற்றிய நர்ஸம்மா வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: "நிக்காதீங்க, நடங்க!"

நிற்பதும் நடப்பதும் காலுக்கு ஒன்றல்ல. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. வரை ஏறும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி ரத்தத்தை மேலே பிழிந்துவிடுவதால், நல்ல காலில் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். மாஸ்டருக்கு இருப்பதை நாம் 'நரம்பு சுருட்டல்' என்கிறோமே, அது நரம்பே அல்ல. வால்வு கெட்ட ரத்தக்குழாய். ஏறிய ரத்தம் அதில் மறுபடி கீழே வழியும். அதற்குத்தான் இறுக்கமான கட்டு. கட்டு வெளியே அணை கொடுக்க, சதை உள்ளிருந்து அமுக்க வேண்டும். கட்டைப் போட்டுக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது பாதி வைத்தியம்தான்.

மாஸ்டர் இப்போது பரோட்டா வேகிற நேரத்தில் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். பையன்கள் சிரிக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021-லேயே சட்டம் வந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல்தான் இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கிறாராம்.

இதைப் படித்துவிட்டு, உள்ளங்காலில் சர்க்கரைப் புண் உள்ளவர்கள் வாக்கிங் கிளம்பிவிட வேண்டாம். அது வேறு கதை. மரத்துப்போன பாதத்தில் வலி தெரியாது. வைக்கிற ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்கும். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் இதே மாதிரியான புண்களை மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பரப்பி ஆற்றினார். சர்க்கரை நோயாளிகள் இன்று போடும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும் தொழுநோய் மருத்துவம்தான் பிறந்த வீடு. இவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டாமென்பதில்லை; நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளுக்குச் செய்யலாம்.

கால் கோளாறில் இன்னொரு வகை உண்டு. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும், பாதம் சில்லென்றிருக்கும். காலுக்கு ரத்தம் இறங்குவதே குறைவு. இந்தக் காலில் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. ஆகவே கிரேப் பேண்டேஜை நீங்களாக வாங்கிச் சுற்றாதீர்கள். பாதத்தில் நாடி பார்த்து, கணுக்காலில் டாப்ளர் வைத்து பிரஷர் எடுக்கச் சொல்லி முதலில் கேளுங்கள்.