பிரபலரின் புகாரும் ஜனங்களின் தீர்ப்பும்

விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து ஆறி இறங்கிய கோப்பைகளைத் தரம் பிரிக்கிறவரின் கை ஒவ்வொன்றையும் எடுத்து, விளிம்பருகே விரல் கணுவால் ஒரு சுண்டு சுண்டி, கணீரென்று நாதம் எழுந்தால் ஒரு பக்கமும், ஓசை மழுங்கி அடங்கினால் மறு பக்கமுமாக வைத்துக்கொண்டே போகிறது. மேலே பூசிய மெருகு எவ்வளவுதான் பளபளத்தாலும், உள்ளே ஓடிய மயிரிழை விரிசலைக் கண் அறியாது, காதுதான் அறியும். ஒரு புகார் மெய்யா, பொய்யா என்று பார்ப்பதற்கும் இதே பொறுமைதான் வேண்டும். ஆனால் புகார் கொடுத்தவர் கீர்த்தி பெற்றவராக இருந்துவிட்டால், சுண்டிப் பார்ப்பதற்கு முன்பே, அவருடைய புகழைக் கண்டு மெய்யென்று ஒரு சாராரும், அந்தப் புகழைக் கண்டே நாடகமென்று மற்றொரு சாராரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த அவசரத்தால் நஷ்டப்படுகிறவர் யார் என்பதை, அமெரிக்காவில் ஒரு நடிகர்மீது நடந்த வழக்கு நமக்கு நன்றாகவே விளக்குகிறது.

சிக்காகோவில் நடந்தது

‘எம்பயர்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்துப் பிரசித்தி பெற்ற ஜஸ்ஸி ஸ்மோலெட் என்ற கறுப்பின நடிகர், 2019 ஜனவரி 29ஆம் தேதி, கடுங்குளிர் நிறைந்த பின்னிரவில், முகமூடி அணிந்த இருவர் தம்மை நிறத்தையும் பாலின ஈர்ப்பையும் சொல்லி இழித்துப் பேசி அடித்ததாகவும், கழுத்தில் சுருக்குக் கயிறு மாட்டியதாகவும் சிக்காகோ போலீஸாரிடம் தெரிவித்தார். அந்த நாட்டிலே கறுப்பின மக்களைக் கும்பல் கூடி மரத்தில் தூக்கிலிட்ட கொடிய சரித்திரம் உண்டாகையால், கயிறு என்ற ஒரு சொல்லே தேசத்தை உலுக்கப் போதுமானதாயிற்று. அப்போது செனட்டர்களாக இருந்த கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் அதைக் கும்பல் கொலை முயற்சி என்றே கண்டித்தார்கள்; ஜனாதிபதி டிரம்பும் அச்செய்தி பயங்கரமானது என்றார்.

மூன்று வாரங்கள் சென்றன. தாக்கியவர்கள் நடிகருக்கு அறிமுகமான இரு சகோதரர்களே என்றும், அவர்களுக்கு 3,500 டாலர் கொடுத்து அவரே இந்நாடகத்தை ஏற்பாடு செய்தார் என்றும் போலீஸார் குற்றம் சாட்டி, பிப்ரவரி 21ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். நேற்றுவரை அவருக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பலர் வஞ்சிக்கப்பட்டோமென்று கொதித்தார்கள்; துவேஷக் குற்றங்களைப் பற்றிய புகார்களே பெரும்பாலும் கட்டுக்கதைகள் என்று சொல்ல வாய்ப்புத் தேடியிருந்தவர்களோ, இதையே அத்தாட்சியாகத் தூக்கிப் பிடித்தார்கள். மார்ச் 26ஆம் தேதி, 10,000 டாலர் ஜாமீன் தொகையை அவர் விட்டுக்கொடுத்ததன் பேரில் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டபோது, பணமும் பெயரும் உள்ளவனுக்கு ஒரு நீதியா என்ற கூக்குரல் எழுந்தது. நகர மேயரே அதை வன்மையாகக் கண்டித்தார்.

பிறகு விசேஷ வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. 2021 டிசம்பரில் ஜூரிகள், ஆறு குற்றச்சாட்டுகளில் ஐந்தில் அவரைக் குற்றவாளி என்றார்கள். 2022 மார்ச்சில் 150 நாள் சிறைவாசமும், 25,000 டாலர் அபராதமும், விசாரணைச் செலவுக்கு ஈடாக 1,20,106 டாலரும் விதிக்கப்பட்டன. ஆனால் 2024 நவம்பர் 21ஆம் தேதி இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், முதலில் செய்துகொண்ட உடன்பாட்டை அரசே மீறி மறுபடி வழக்குத் தொடுத்தது நியாயமல்ல என்று தண்டனையை ரத்து செய்தது. அவர் சொன்னது மெய்யென்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தாம் பொய் சொல்லவில்லை என்று அவரோ இன்றளவும் சாதிக்கிறார். ஐந்தாண்டுக்கும் மேல் நீண்ட இந்த வழக்கின் சிக்கல் எதுவும், அவசரமாக முடிவு கட்டிவிட்ட ஜனங்களில் பலருடைய மனத்தை அசைக்கவில்லை.

நம் சட்டம் சொல்வது

நம் தேசத்திலும் பொய்ப்புகார் குற்றமே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 182, 211 ஆகிய பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 217, 248 என்ற எண்களில் அமைந்திருக்கின்றன. பொய்யென்று அறிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் கொடுத்துப் பிறருக்குத் தீங்கு தேடினால் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஒருவர்மீது வேண்டுமென்றே பொய்க் குற்றம் சாட்டினால் ஐந்தாண்டு வரையிலும், சாட்டிய குற்றம் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதாக இருந்து வழக்கும் தொடரப்பட்டிருந்தால் பத்தாண்டு வரையிலும் சிறை உண்டு.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பேதம் ஒன்றுண்டு. நிரூபணமாகாத புகார் வேறு, பொய்ப்புகார் வேறு. சாட்சி கிடைக்காமலோ, அடையாளம் தவறியோ ஒரு வழக்கு விழுந்துவிட்டால், புகார் கொடுத்தவர் பொய்யராகிவிட மாட்டார். பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்பதைத் தனியே நிலைநாட்ட வேண்டும். ஆகையால்தான் 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், போலீஸார் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால், அது நம்பத்தக்கதா என்று வாசலிலேயே எடை போடாமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றார்கள். முதலில் கேள், பிறகு ஆராய் என்பதே அதன் தாத்பரியம்.

யாருக்கு நஷ்டம்?

2006இல் விஜயகாந்தைச் சட்டசபைக்கு அனுப்பிவைத்த விருத்தாசலம், ஒரு நடிகர்மீது ஜனங்கள் கொள்ளும் அபிமானத்தின் பலத்தை அறிந்த ஊர். பெயரில்லாதவர் சொல்லும் சொல்லின் பலவீனத்தையும் அது அறியும். 1993இல், பக்கத்திலுள்ள கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோகப்பட்ட ராஜாகண்ணு என்ற ஏழைக் கூலித்தொழிலாளி தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸார் எழுதி வைத்தார்கள். அவர் அடிபட்டதைக் கண்ணால் கண்ட மனைவி பார்வதியின் சொல்லுக்கு உள்ளூரில் மதிப்பில்லை. பிற்காலத்தில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்து வாதாடிய பிறகே, காவலில் நிகழ்ந்த மரணம் அது என்பது வெளிப்பட்டு, காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலம் இவ்வழக்கே. அங்கே பொய் எழுதப்பட்டது காவல் நிலையத்தின் ஏட்டில். மெய் நின்றது ஓர் ஏழைப் பெண்ணின் வாயில்.

புலி வருகிறது என்று விளையாட்டுக்குக் கத்திய சிறுவனின் கதையில் ஆட்டைப் பறிகொடுத்தவன் அவனே. பிரபலர் ஒருவர் அப்படிக் கத்தினால் பறிகொடுப்பவர் வேறொருவர். கோடி பேர் அறிந்த ஒரு புகார் பொய்யென்று பேசப்பட்ட மறுநாள், சாதியைச் சொல்லி அடித்தார்கள் என்றோ, மானபங்கம் செய்தார்கள் என்றோ காவல் நிலையத்துப் படியேறும் பெண்ணை, ‘இதுவும் அப்படித்தானோ’ என்ற பார்வை எதிர்கொள்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஆயிரம் பேரின் துயரத்துக்கு ஒரு நடிகரின் நடத்தை பதமாகாது.

ஆகவே அடுத்த முறை ஒரு நட்சத்திரத்தின் புகார் தலைப்புச் செய்தியாக வரும்போது, அவரை நமக்குப் பிடிக்குமா என்பதைக் கேட்காமல், அறிக்கை பதிவாயிற்றா, விசாரிப்பவர் யார், என்ன தடயம் கிடைத்தது, நீதிமன்றம் என்ன சொல்லிற்று என்று கேட்டுக் காத்திருப்போமாக. மனு ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு நிலையத்து வாசல் பெஞ்சில் மூன்றாம் நாளாக உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு, நம்முடைய அந்தப் பொறுமையைத் தவிர வேறு சிபாரிசு கிடையாது.