பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கரை
மண்ணும் மட்டமும் – 17

சென்ற வாரம் புலப்படத்தைப் பார்த்தோம். சங்கிலி பிடித்து அளந்த காலத்து 'ஜி' கோடும், அதிலிருந்து பக்கவாட்டில் எடுத்த அளவுகளும் இன்றும் எல்லைத் தகராறைத் தீர்த்து வைக்கின்றன. ஆனால் அந்தத் தாளில் மேடு பள்ளம் கிடையாது. என் தொழிலின் முதல் பன்னிரண்டு வருடங்களும் அப்படிப்பட்ட தட்டைப் படங்களோடுதான் கழிந்தன.

கோவைக்குப் பக்கத்தில் சின்ன அலுவலகம். மனைப்பிரிவு வேலைதான் அதிகம். ஆட்டோ லெவலில் எடுத்த மட்டங்களை எக்செலில் அடிப்போம். மனைகளையும் சாலைகளையும் ஆட்டோகேடில் வரைவோம். சாலையின் நீளவெட்டு ஒரு படம், குறுக்குவெட்டுகள் வேறொரு படம், மண் கணக்கு தனி எக்செல். "மூணாவது ரோட்டை நாலு மீட்டர் வடக்கே தள்ளிப் போடுங்க" என்பார் நிலத்துக்காரர். பிளானில் கோட்டை நகர்த்த ஒரு நிமிடம் போதும். நீளவெட்டைத் திருத்த ஒரு நாள், குறுக்குவெட்டுகளுக்கு இன்னொரு நாள். அவசரத்தில் ஏதாவது ஒன்று திருத்தாமலே போய்விடும்.

அந்த மறதிக்கு விலை உண்டு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் மட்டம் சராசரியாக 10 சென்டிமீட்டர் பிசகினால் சுமார் 405 கன மீட்டர் மண். நம் ஊர்க் கணக்கில், நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்றால், 143 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 48 நடை. யாரோ ஒருவர் வாழ்நாள் சேமிப்பில் வாங்கும் மனையின் விலையில் அந்த 48 நடையும் ஏறிவிடும்.

ஆட்டோகேட் 1982-ல் வந்தபோது வரைபலகையைக் கணினிக்குள் கொண்டு வந்தது. அதில் சாலை என்பது இரண்டு கோடுகள்தான். அது சாலை என்பது வரைந்தவருக்கு மட்டுமே தெரியும். அதன் மேல் வந்த லேண்ட் டெஸ்க்டாப் நிலப்பரப்பையும் மண் அளவையும் கணக்கிட்டது. ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றதை நாமே மறுபடி ஓட்ட வேண்டும். 2000-களின் நடுவில் சிவில் 3டி பரவியது. லேண்ட் டெஸ்க்டாப் 2009-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது.

சிவில் 3டியில் நிலத்தின் மேற்பரப்பு, சாலையின் மையக்கோடு, நீளவெட்டு, குறுக்குவெட்டு, மண் கணக்கு எல்லாம் ஒரே சரட்டில் கோத்தவை. மையக்கோட்டை நான்கு மீட்டர் நகர்த்தினால் அதன் கீழே உள்ள இயற்கைத் தரையின் நீளவெட்டு தானாக மாறும். குறுக்குவெட்டுகளும் கன அளவும் அதையொட்டித் திருத்தப்படும். நாம் வைத்த சாலை மட்டம் அந்தப் புதிய தரைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டும் என்றும் நம் வேலைதான்.

நாங்கள் மாறியபோது முதலில் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறேன். பதினோரு ஏக்கர் நிலம். நடுவே ஒரு பள்ளம். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். டோட்டல் ஸ்டேஷன் புள்ளிகளை ஏற்றியதும் மென்பொருள் அவற்றை முக்கோணங்களாகப் பின்னி நிலத்தை எழுப்பியது. டெலோனே என்ற ரஷ்யக் கணிதவியலாளர் 1934-ல் எழுதிய முறை அது. மென்பொருளில் 'வாட்டர் டிராப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நிலத்தில் எங்கே சொடுக்கினாலும், அங்கே விழும் மழைத்துளி எந்த வழியாக ஓடும் என்று கோடு போட்டுக் காட்டும். சொடுக்கினோம். துளி பள்ளத்தில் இறங்கி, பாதி வழியில் நின்றுவிட்டது.

முப்பது வருடமாக ஸ்டாஃப் பிடித்து லெவல் எடுத்த எங்கள் சர்வேயர் அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பள்ளத்துக்குக் குறுக்க யாருங்க கரை போட்டது?"

யாரும் போடவில்லை. கரைகளில் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருந்தோம். முள்ளுக்குப் பயந்து பள்ளத்தின் அடியில் முப்பது மீட்டருக்கு ஒன்றுதான். அடியில் புள்ளி இல்லாத இடத்தில் முக்கோணம் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவி, பள்ளத்தை மூடிவிட்டது. மறுநாள் காலை அண்ணன் வேலிமுள்ளை வெட்டிவிட்டு, ப்ரிசம் கோலோடு பள்ளத்துக்குள்ளேயே நடந்தார். ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை வரிசையாக இணைத்து 'பிரேக்லைன்' கொடுத்தோம். அந்தக் கோட்டை எந்த முக்கோணமும் தாண்டக்கூடாது என்பது விதி. மறுபடி சொடுக்கியபோது துளி நிலத்தின் தென்கோடி வரை ஓடியது.

அன்று முதல் அண்ணன் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் குறி உண்டு: கரை மேல், கரை அடி, பள்ளத்து அடி. மென்பொருள் மாற்றம் அலுவலகத்தில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது வயலில், கோல் பிடிப்பவர் கையில் தொடங்குகிறது.

மாறப்போகிறவர்களுக்கு மூன்று சொல்வேன். முடித்துக் கொடுத்த ஒரு வேலையைப் புதிய மென்பொருளில் மறுபடி செய்து பாருங்கள். எங்கே தவறுகிறீர்கள் என்பது பழைய கணக்கோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கோட்டு வகை, எழுத்தளவு, தலைப்புக் கட்டம் எல்லாவற்றையும் ஒரே டெம்ப்ளேட்டில் முதலிலேயே அமைத்துவிடுங்கள். வெளியே அனுப்பும் கோப்பைச் சாதாரண ஆட்டோகேடுக்கு மாற்றி அனுப்புங்கள். இல்லையென்றால் ஒப்பந்ததாரரின் திரையில் உங்கள் சாலை சரியாகத் தெரியாமல் போகலாம்.

இப்போது எந்த நிலம் வந்தாலும், மனை பிரிக்கும் முன் துளி விட்டுப் பார்க்கிறோம். புலப்படத்தில் இரண்டே கோடுகளாகக் கிடக்கும் பள்ளத்தின் மேல் மனை போட யாருக்கும் கை வரும். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நிற்கப் போவது அந்த மனையை வாங்கியவர். அந்தத் தண்ணீரை ஒரு வருடம் முன்பே திரையில் பார்த்துவிட்டவனுக்கு, தெரியாது என்று சொல்லும் உரிமை கிடையாது.

அடுத்த வாரம்: டிரோன் காட்டும் மட்டம் மண்ணுடையதா, புல்லுடையதா?

(தொடரும்)