பதினொரு துண்டுகளில் ஒரு வைரஸ்: ரோட்டா தொற்றின் பரவலும் மரபணு வேறுபாடும்

ஐந்து வயதை எட்டுவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையேனும் தொற்றிவிடும் வைரஸ்களுள் ஒன்று ரோட்டா வைரஸ். குழாய்க் குடிநீரும் முறையான கழிவுநீர் வசதியும் வந்த நாடுகளில் காலராவும் டைபாய்டும் பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. தடுப்பு மருந்து புழக்கத்துக்கு வரும்வரை ரோட்டா மட்டும் அந்த நாடுகளிலும் ஏழை நாடுகளில் இருந்த அளவுக்கே குழந்தைகளைத் தொற்றிவந்தது. வேறுபாடு தொற்றிய பிறகு நேர்ந்ததில்தான் இருந்தது. 2013ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,15,000 குழந்தைகள் இந்த வைரஸால் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள்.

1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், கடும் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது இந்த வைரஸைக் கண்டனர். அது சக்கர வடிவில் தெரிந்ததால் லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் ரோட்டா என்ற பெயர் அதற்கு அமைந்தது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள முதிர்ந்த செல்களை இது அழிப்பதால், உணவும் நீரும் உறிஞ்சப்படுவது குறைகிறது. அத்துடன், வைரஸ் உண்டாக்கும் என்எஸ்பி4 என்னும் புரதம் ஒரு நச்சாகச் செயல்பட்டு, செல்களிலிருந்து உப்பையும் நீரையும் குடலுக்குள் வெளியேறச் செய்கிறது. வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் போகும் பேதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கைக்குழந்தையின் உடல்நீரைச் சில மணி நேரத்தில் வற்றச் செய்துவிடக்கூடும் என்பதால், ஓ.ஆர்.எஸ். கரைசலும் தாய்ப்பாலும் துத்தநாக மருந்தும் உரிய நேரத்தில் கிடைப்பதே உயிரைக் காக்கிறது.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி வைரஸ் துகள்கள் வரை இருக்கலாம். இன்னொரு குழந்தையைத் தொற்றுவதற்கு நூறுக்கும் குறைவான துகள்களே போதும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் ரோட்டாவின் பரவல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கைகளிலும் பொம்மைகளிலும் படுக்கை விரிப்பிலும் வைரஸ் நெடுநேரம் உயிர்ப்புடன் இருக்கிறது. அறிகுறியே இல்லாமல் தொற்றுற்ற அண்ணன்மார், அக்காமார், பெற்றோர் ஆகியோர் வழியாகவும் அது பரவுகிறது. ஆகவே, சோப்புப் போட்டுக் கை கழுவுவது இன்றியமையாதது என்றாலும், அது மட்டுமே இந்த வைரஸை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிடுவதில்லை.

இவ்வளவு எளிதாகப் பரவும் வைரஸ் எங்கும் ஒரே உருவில் இருந்திருந்தால் அதன் வரலாறு சுருக்கமாக முடிந்திருக்கும். ரோட்டாவின் மரபணுப் பொருள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஆகும், அது ஒரே நீண்ட சரமாக இல்லாமல் 11 தனித்தனித் துண்டுகளாக, மூன்று அடுக்குப் புரத உறைக்குள் இருக்கிறது. இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே காணமுடியும். மல மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பாலிஅக்ரிலமைடு என்னும் கூழ்த் தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறிய துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்கின்றன. பிறகு வெள்ளி நைட்ரேட்டால் சாயமேற்றும்போது, தகட்டில் மேலிருந்து கீழாக 11 பழுப்புக் கோடுகள் தோன்றுகின்றன. இரண்டு குழந்தைகளின் மாதிரிகளை அடுத்தடுத்து ஓடவிட்டால், கோடுகளின் இடைவெளி சற்றே மாறியிருப்பதைக் கொண்டு இருவரையும் தொற்றியவை வெவ்வேறு வைரஸ்கள் என்று அறியலாம். ஒரே மாதிரியில் 11க்கும் மேற்பட்ட கோடுகள் தென்பட்டால், அக்குழந்தையின் குடலில் இரண்டு வைரஸ்கள் ஒருங்கே பெருகியிருக்கக்கூடும்.

வெளியுறையிலுள்ள இரண்டு புரதங்களைக் கொண்டு வைரஸ்கள் வகைப்படுத்தப்படுகின்றன. விபி7 என்னும் புரதம் ஜி எண்ணையும், அதன் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் விபி4 புரதம் பி எண்ணையும் தருகின்றன. ஜி1பி[8] என்பது நெடுங்காலம் உலகெங்கும் மிகுதியாகக் காணப்பட்ட வகை. ஜி2பி[4], ஜி3பி[8], ஜி4பி[8], ஜி9பி[8], ஜி12பி[8] ஆகியவையும் மனிதர்களிடம் பரவலாக உள்ளவை. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி தன் பிழைகளைத் திருத்துவதில்லை என்பதால், திடீர்மாற்றங்கள் ஓயாமல் சேர்கின்றன. அதைவிட வேகமான வழி மறுகலப்பு: ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்துவிட்டால், இரண்டின் துண்டுகளும் கலந்து, இதுவரை இல்லாத சேர்க்கையுடன் புதிய வைரஸ் வெளிவருகிறது. மாடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் ரோட்டா வைரஸ்களும் இக்கலப்பில் பங்கேற்பதால், மனிதரும் கால்நடையும் ஒரே முற்றத்தில் வாழும் இடங்களில் வைரஸுக்கான வாய்ப்புகள் பெருகுகின்றன.

இந்தியாவின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்றாகும். டெல்லியிலும் பெங்களூரிலும் பிறந்த குழந்தைகளைப் பராமரிக்கும் வார்டுகளில், நோய் எதுவும் இன்றியே பச்சிளங்குழந்தைகளைத் தொற்றிய வைரஸ்கள் 1980களிலும் 1990களிலும் கண்டறியப்பட்டன. அவற்றில் மாட்டு வைரஸின் மரபணுத் துண்டுகள் கலந்திருந்தன. பெங்களூரில் அறிகுறியின்றித் தொற்றிய அதே ஜி10பி[11] வகை, வேலூரில் பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கியது. பி[11] வகையின் முள்புரதம், பச்சிளங்குழந்தைகளின் குடலில் இருக்கும் முதிர்ச்சியடையாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது; எந்தக் குழந்தையை எந்த வைரஸ் தொற்றும் என்பதில் வைரஸின் மரபணுவோடு குழந்தையின் குடல் முதிர்ச்சிக்கும் பங்குண்டு என்பதை இது காட்டுகிறது. டெல்லியின் ஜி9பி[11] வைரஸோ, 116இ என்ற பெயரில், ரோட்டாவாக் என்னும் இந்தியச் சொட்டு மருந்தாகவே மாறியது.

இத்துறையில் வேறெந்தக் கண்டுபிடிப்பையும்விட அதிகம் சிந்திக்க வைப்பது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு என்றே சொல்லவேண்டும். அதற்கு முன், மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, இரண்டு இயற்கைத் தொற்றுகளுக்குப் பின் எந்தக் குழந்தைக்கும் மிதமான அல்லது கடுமையான ரோட்டா நோய் வரவில்லை என்று கூறியது. தடுப்பு மருந்தின் மீதான நம்பிக்கை பெரிதும் அதன்மேல் எழுந்தது. வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்து, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மல மாதிரி எடுத்துச் சோதித்தபோது கிடைத்த சித்திரம் வேறு. ஆறு மாதத்துக்குள்ளாகவே 56 விழுக்காட்டுக் குழந்தைகள் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். கண்டறியப்பட்ட தொற்றுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே முதல் தொற்று. மூன்று தொற்றுகளுக்குப் பின்னும் மிதமான, கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காடாகவே இருந்தது. ஜி1பி[8] வகையால் ஒரு முறை தொற்றுற்ற குழந்தை அதே வகையிடமிருந்து தனிப்பாதுகாப்பு எதையும் பெற்றதாகவும் தெரியவில்லை. 2011இல் வெளிவந்த இந்த முடிவு, ஓரிடத்துக் குழந்தைகளின் நோயெதிர்ப்பை வேறோர் இடத்துக் கணக்கால் அளக்கமுடியாது என்பதை உணர்த்தியது.

தடுப்பு மருந்தின் பலனும் அவ்வாறே இடத்துக்கு இடம் மாறியது. செல்வ நாடுகளில் கடும் நோயை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்த வாய்வழி மருந்துகள், ஏழை நாடுகளில் பாதியளவுப் பாதுகாப்பையே தந்தன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக், முதல் ஆண்டில் கடும் நோயை ஏறத்தாழ 56 விழுக்காடு குறைத்தது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள், ஓயாத குடல் தொற்றுகள், குடல் சர்க்கரைகளின் மரபு வேறுபாடு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. பாதியளவு என்றாலும், நோய்ச்சுமை மிகுந்த நாட்டில் அது காப்பாற்றும் உயிர்களின் எண்ணிக்கை பெரிது. 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய அரசுத் திட்டம் 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்து, பின்னர் நாடு முழுவதும் விரிந்தது இக்காரணத்தால்தான்.

திட்டம் விரிந்த அதே ஆண்டுகளில் இந்தியாவில் ஜி1பி[8] பின்தங்கி, ஜி3பி[8] முன்னுக்கு வந்தது. இதை உடனே தடுப்பு மருந்தின் விளைவாகக் கொள்வது அவசரம். மருந்து இல்லாத காலத்திலும் வகைகள் இவ்வாறு மாறி மாறி மேலோங்கியுள்ளன. மேலும், 2013க்குப் பின் பல நாடுகளில் தோன்றிய ஒருவகை ஜி3பி[8] வைரஸின் விபி7 மரபணு குதிரை வைரஸை ஒத்ததாகவும், உள் மரபணுக்கள் வேறொரு மரபுவரிசையைச் சேர்ந்தவையாகவும் உள்ளன. இரண்டு மரபணுக்களை மட்டும் பார்க்கும் வழக்கமான சோதனை, பழைய ஜி3பி[8] வைரஸையும் இதையும் ஒன்றெனவே காட்டும். 11 துண்டுகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கும்போதுதான் இரண்டும் வெவ்வேறு என்பது புலப்படும். ஆதலால், 2008இல் உருவான 11 மரபணு வகைப்பாட்டின்படி மாதிரிகளில் ஒரு பகுதியையேனும் முழுமையாகப் படித்துப் பதிவுசெய்யும் கண்காணிப்பு, தடுப்பு மருந்து தரப்படும் ஒவ்வொரு மாநிலத்திலும் மருத்துவமனைகளின் வழக்கமான பணியோடு சேர்ந்து நடைபெற வேண்டியிருக்கிறது.